பரண் மேலே ஒரு பச்சைத் தாமரை

“பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் போறோம். பரண் மேல கெடக்குற உன் குப்பையை நீயே வந்து அள்ளு. இல்லன்னா எடைக்குப் போட்டுடுவேன்!”

அம்மா போனில் இப்படிச் சொன்னால் அது வெறும் மிரட்டல் இல்லை. என் பத்தாங்கிளாஸ் கிரிக்கெட் பேட் அப்படித்தான் வெந்நீர் அடுப்புக்குப் போச்சு. அதனால் ரெண்டு நாள் லீவு போட்டுட்டு, உளுந்தூர்பேட்டையில் இறங்கி, களமருதூருக்கு பஸ் மாறினேன்.

பரணிலிருந்து இறங்கிய தகரப் பெட்டியில் என் மொத்த காலேஜ் வாழ்க்கையும் இருந்தது. கெமிஸ்ட்ரி ரெக்கார்ட் நோட்டு, ரீல் அறுந்த கேசட்டுகள், எழுதியும் கொடுக்கத் தைரியம் வராத ஒரு கிரீட்டிங் கார்டு (அதை விடுங்க). பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தது அக்கா பொண்ணு. பி.ஏ. ஹிஸ்டரி, ஃபைனல் இயர். அடியில் கை விட்டு எதையோ எடுத்தாள்.

“என்னா மாமா இது? உடைஞ்ச சோப்பு டப்பாவா?”

உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு சில்லு. புளியங்கொழுந்துக்கும் பாசிப்பயறுக்கும் நடுவே ஒரு பச்சை. உள்பக்கம் வழவழவென்று வெறுமையாக இருக்கும். வெளிப்பக்கம் மூணு இதழ். நடு இதழ் முழுசு, ரெண்டு பக்கமும் பாதிப் பாதி. உடைந்த விளிம்பைப் பார்த்தால் உள்ளே வெளிர் சாம்பல் நிறத்தில் கெட்டியான மண். தாமரை என்று சொல்லாமலே தெரியும்.

நான் பதில் சொல்வதற்குள் அவள் போட்டோ எடுத்து தன் டிபார்ட்மென்ட் மேடத்துக்கு அனுப்பிவிட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைங்க! பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. ‘சீன செலடான். லாங்சுவான் சூளை மாதிரி தெரியுது. எங்கே எடுத்தது?’

முதல் ரெண்டு வரியைப் படித்து எனக்கு ஒரே குஷி. மூணாவது வரிதான் சிக்கல். அதை அப்புறம் சொல்றேன்.

செலடான்னா என்ன என்று கேட்பவர்களுக்கு... சீனாக்காரர்கள் அதை வெறுமனே ‘பச்சைப் பீங்கான்’ என்கிற அர்த்தத்தில்தான் சொல்கிறார்கள். செலடான் என்பது பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பேர். 17-ம் நூற்றாண்டில் வந்த ஒரு பிரெஞ்சுக் காதல் கதையின் ஹீரோ பேர் செலடான். பச்சை ரிப்பன் கட்டிக்கொண்டு மேடையில் வந்ததால் அந்த நிறத்துக்கே அவன் பேர் ஒட்டிக்கொண்டது என்று சொல்வார்கள். காதலில் தோற்றவன் பேரைப் பாத்திரத்துக்கு வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. கிரீட்டிங் கார்டு காரணமாக இருக்கலாம்.

மறுநாள் கள்ளக்குறிச்சியில் ஒரு வேலை. அக்கா பொண்ணும் தொற்றிக்கொண்டாள். கள்ளக்குறிச்சி என்றால் உங்களில் பலருக்கு மரச்சிற்பம் ஞாபகம் வரும். 2021-ல் புவிசார் குறியீடு வாங்கிய கைவேலை அது. எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருத்தர் அங்கே பட்டறை வைத்திருக்கிறார். வாகை மரத்தில் ஒரு பிள்ளையாருக்குக் கீழே தாமரைப் பீடம் செதுக்கிக்கொண்டிருந்தார். பாக்கெட்டிலிருந்து சில்லை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். என்ன ஏது என்று ஒண்ணும் சொல்லவில்லை. சும்மா ஒரு டெஸ்ட்!

அவர் முதலில் பார்க்கவே இல்லை. கட்டைவிரலால் இதழ் மேலே ரெண்டு தடவை தடவினார். அப்புறம் வெயில் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

“இது உளி வெச்சுத் தட்டுனது இல்ல தம்பி. மண்ணு ஈரமா இருக்கையில கத்தியை இழுத்திருக்கான். ரொம்ப ஈரம் இல்ல... கத்தி போனா வழியணும், ஆனா ஒட்டக்கூடாது. அந்தப் பதம்.”

“எப்படித் தாத்தா சொல்றீங்க?” என்றாள் இவள்.

“இந்த ஓரத்துல பாரு கண்ணு. ஒரு பக்கம் செங்குத்தா எறங்குது. இன்னொரு பக்கம் சரிவா ஏறுது. கத்தியைச் சாய்ச்சுப் புடிச்சிருக்கான். நாங்களும் இதழுக்கு அப்படித்தான் சாய்ப்போம். நேரா வெட்டுனா கோடுதான் விழும், இதழ் எந்திரிக்காது. மண்ணு காஞ்சப்புறம் வெட்டியிருந்தா ஓரம் பேத்துக்கிட்டு வந்திருக்கும்.”

நான் இந்தச் சில்லு பற்றி அதற்கப்புறம் புத்தகங்களில் தேடிப் படித்தபோது, பெரியவர் விரலால் சொன்னதைத்தான் அவர்களும் நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார்கள்.

மேட்டர் இதுதான். சக்கரத்தில் கிண்ணம் வனைந்து, தோல் மாதிரி விறைப்பாகும் வரை காய விட்டு, கத்தியால் பூவை வெட்டுகிறார்கள். அதன் மேல் கண்ணாடிப் பூச்சு. அந்தப் பூச்சில் கொஞ்சூண்டு இரும்பு, நூற்றுக்கு ஒண்ணு ரெண்டு பங்குதான் இருக்கும். 1200 டிகிரிக்கு மேலே சூடாகும்போது பூச்சு உருகி, தேன் மாதிரி ஓடும். மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். வெட்டின பள்ளத்தில் கனமாகத் தேங்கியது கரும்பச்சை. இதழின் முதுகில் மெல்லிசாக நின்றது வெளிர்பச்சை. ஆக, பூவுக்குத் தனியாகச் சாயம் எதுவும் கிடையாது. ஒரே பூச்சு, ஆழத்துக்கு ஏற்ற நிழல். கத்தியைச் சாய்த்துப் பிடித்ததன் ரகசியம் அங்கேதான் இருக்கிறது. சரிவான பள்ளத்தில் பச்சை சட்டென்று மாறாமல், கொஞ்சம் கொஞ்சமாக அடர்ந்துகொண்டே போகும்.

சரி, இரும்பு என்றால் துருப்பிடித்த சிவப்பு தானே வரணும், பச்சை எங்கிருந்து? சூளைக்குள் காற்றைக் குறைத்துவிடுகிறார்கள். விறகடுப்பின் வாயை அடைத்தால் புகை கட்டிக்கொள்ளும் இல்லையா, அதே கதை. மூச்சுக்குத் திண்டாடும் நெருப்பு, ஆக்சிஜனுக்காகப் பூச்சிலிருக்கும் இரும்பிடமே கை வைக்கும். ஆக்சிஜனை இழந்த இரும்பு பச்சையாகிவிடும். காற்று தாராளமாகப் போய்விட்டால் அதே கிண்ணம் மஞ்சளாகவோ பழுப்பாகவோ வெளியே வரும். நாள்கணக்கில் எரியும் சூளையில், மலைச்சரிவில் பாம்பு மாதிரி மீட்டர் கணக்கில் நீளும் சூளையில், இந்தக் காற்றுக் கணக்கைக் கண்ணாலேயே பார்த்துச் செய்தார்கள். லாங்சுவான் என்பது சீனாவின் செஜியாங் மாகாணத்தில் இருக்கும் மலைநாடு. அந்தச் சூளை வித்தையை 2009-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

எல்லா ஊரிலும் ஒரே மாதிரி வெட்டவில்லை. வடக்கே ஷான்ஸி பக்கம் யாவ்சோ சூளைக்காரர்கள் பியோனி என்கிற அந்த ஊர்ப் பெரிய பூவை ஆழமாக வெட்டித் தள்ளுவார்கள். கிண்ணம் பூரா பூவும் இலையும் சுழலும். உள்ளே சீப்பால் இழுத்த மாதிரி நரம்புகள். அவர்களது பூச்சு மெல்லிசு, கண்ணாடி மாதிரி தெளிவு, அதனால் மயிரிழைக் கோடுகூடத் தெரியும். தெற்கே லாங்சுவான்காரர்களுக்கு வேறு ஆசை. பச்சை மாணிக்கக்கல் மாதிரி தெரியணும் என்று பூச்சைத் திரும்பத் திரும்பப் பூசி கனமாக்கினார்கள். கனமான பூச்சுக்கு அடியில் நுணுக்கமான கோடெல்லாம் மூழ்கிப் போய்விடும். அதனால் கோட்டை விட்டுவிட்டு மேட்டைப் பிடித்தார்கள். ஒவ்வொரு இதழுக்கும் நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு வரம்பு. வெளிப்பக்கம் சுற்றிலும் இதழ் வைத்தால், கவிழ்த்துப் பார்க்கும்போது கிண்ணமே தாமரை!

இதில் காலம் கண்டுபிடிக்கும் சூட்சுமமும் இருக்கிறது. 13-ம் நூற்றாண்டுக் கிண்ணத்தில் இதழ் அகலம், வரம்பு தெளிவு. போகப் போக இதழ் ஒல்லியாகிறது. 15-ம் நூற்றாண்டு மிங் காலத்துக்கு வந்தால், செதுக்குவதை விட்டுவிட்டுக் கூரான முனையால் கீறவே ஆரம்பித்துவிட்டார்கள். விளிம்பில் வளைவு வளைவாக இதழ் நுனிகள் ஒரு வரிசை, கீழே நேர்கோடுகள் ஒரு வரிசை. பல கிண்ணங்களில் ரெண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துவதே இல்லை. ஃபர்ஸ்ட் செமஸ்டரில் ஸ்கேல் வைத்து மார்ஜின் போட்ட ரெக்கார்ட் நோட்டும், கடைசி செமஸ்டரில் சப்மிஷனுக்கு முந்தின ராத்திரி எழுதின நோட்டும் பார்த்திருப்பீர்களே... அதே வித்தியாசம். அந்தச் சறுக்கலை வைத்தே இன்றைக்கு ஒரு சில்லுக்கு வயசு சொல்ல முடிகிறது.

பெரியவர் சில்லைத் திருப்பிக் கொடுக்கும்போது தன் பிள்ளையார் பீடத்தைக் காட்டினார். அதிலும் இதழுக்கு நடுவில் அதே வரம்பு.

“சீனாக்காரன் நம்மள்ட்ட கத்துக்கிட்டானா, நாம அவன்கிட்ட கத்துக்கிட்டோமா?”

நல்ல கேள்வி. தாமரை இதழ் அலங்காரம் சீனப் பாத்திரங்களில் பரவலானது பௌத்தத்தோடு சேர்ந்துதான். 5, 6-ம் நூற்றாண்டுப் பச்சைப் பாத்திரங்களிலேயே அது வந்துவிட்டது. புத்தர் உட்கார்ந்த தாமரை இங்கிருந்து கிளம்பிப் போய், சில நூற்றாண்டுகள் கழித்து சோற்றுக் கிண்ணமாகக் கப்பலேறி நம்ம கரைக்கே திரும்பி வந்திருக்கிறது. வந்த இடத்தில் யாருக்காவது அடையாளம் தெரிந்ததா என்றுதான் எனக்கு ஆசையாக இருக்கிறது.

திரும்பி வந்த இடங்களில் முக்கியமானது பெரியபட்டினம். ராமநாதபுரம் மாவட்டம், கீழக்கரை பக்கம், மன்னார் வளைகுடாக் கரையில் இருக்கிற ஊர். 1987-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு செய்தது. ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் நம்ம எ. சுப்பராயலுவும் அந்த ஓடுகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். கிடைத்த சீன ஓடுகளில் பெரும்பகுதி செலடான். 13, 14-ம் நூற்றாண்டுச் சரக்கு, லாங்சுவானிலிருந்தும் ஃபூஜியான் பக்கத்துச் சூளைகளிலிருந்தும் வந்தது. அதற்கப்புறம் கராஷிமா தலைமையில் ஒரு குழு ஆந்திரா, தமிழ்நாடு, கேரளா, இலங்கை என்று கடலோரமெல்லாம் சீன ஓடு தேடி அலைந்து, 2004-ல் புத்தகமே போட்டார்கள். உடைந்த பீங்கானைத் தேடி ஊர் ஊராக... நம்ம வீட்டில் யாராவது இப்படிக் கிளம்பினால் மந்திரிக்கக் கூட்டிப் போயிருப்பார்கள்!

சரக்கு ஒருவழிப் பாதையில் மட்டும் வரவில்லை. ஃபூஜியானில் குவான்சோ என்று ஒரு துறைமுகம். அங்கே 1281-ல், சித்திரா பௌர்ணமி அன்று, சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவன் கோயில் எழுப்பிய தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. பெரியபட்டினத்துக் கிண்ணங்கள் ஏறிவந்த அதே காலம். இங்கே கிண்ணம் இறங்கிக்கொண்டிருந்தபோது, அங்கே நம்ம ஆள் கோயில் கட்டிக்கொண்டிருந்தார்.

வாங் தாயுவான் என்ற சீனப் பயணி 1349-ல் ஒரு புத்தகம் எழுதினார். எந்தத் துறைமுகத்தில் எந்தச் சரக்கு விலைபோகும் என்று ஊர்வாரியாகப் பட்டியல் போட்ட ஆசாமி. பல ஊர்ப் பட்டியலில் ‘சுசோ பாத்திரம்’ வருகிறது. லாங்சுவான் இருக்கிற வட்டாரத்துக்கு அன்றைய பேர் சுசோ. அதே புத்தகத்தில் செங்கல் கோபுரம் ஒன்றும் வருகிறது. 1267-ல் கட்டி முடித்ததாக அதில் சீன எழுத்தில் பொறித்திருந்ததாம். அது நாகப்பட்டினத்தில் நின்றது, 1867 வரை ஜனங்கள் ‘சீனக் கோபுரம்’ என்று சொல்லிவந்தது அதுதான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அந்த வருஷம் அதை இடித்துத் தள்ளினார்கள். கப்பல்காரனுக்குக் கடலிலிருந்தே வழிகாட்டிய மூணு அடுக்குக் கோபுரம் போயே போச்சு. கிண்ணச் சில்லுகள் மட்டும் மண்ணுக்குள் அப்படியே இருக்கின்றன. மண்ணில் அது மட்காது, துருப்பிடிக்காது, உருக்கி விற்கவும் முடியாது. உடைந்த கிண்ணத்தை யார் திருடப் போகிறார்கள்?

நான் திருடினேன்.

மேடத்தின் மூணாவது வரிக்கு வருகிறேன். 1990-களில் காலேஜ் டூர். ராமேஸ்வரம் போய்விட்டுத் திரும்பும் வழியில் பெரியபட்டினத்தில் பஸ்ஸை நிறுத்தினார்கள். தென்னந்தோப்பு பக்கம் ஒதுங்கிப் போனபோது மண்ணில் ஏதோ பச்சையாக மின்னியது. குனிந்தேன், எடுத்தேன், துடைத்தேன், ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டேன். அஞ்சு செகண்ட் வேலை. ஹாஸ்டலில் கொஞ்ச நாள் பேப்பர் வெயிட். அப்புறம் தகரப் பெட்டி.

“எந்தத் தோப்பு மாமா?”

“தோப்புதான்.”

“பள்ளிவாசல் பக்கமா, கடல் பக்கமா?”

“...”

“மேலாப்பல கெடந்துச்சா? யாராச்சும் கெணறு, குழி வெட்டிப் போட்ட மண்ணா?”

எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. அவள் முகம் போன போக்கைப் பார்க்கணுமே!

இது ஏன் பெரிய விஷயம் என்று எனக்கு அவள்தான் கிளாஸ் எடுத்தாள். அரிக்கமேடு தெரியும் இல்லையா, புதுச்சேரி பக்கத்தில். 1945-ல் மார்டிமர் வீலர் தோண்டினார். ரோமானியப் பானைகள் கிடைத்து உலகப் புகழ் பெற்ற இடம். அங்கேயே, மேலே கலைந்து கிடந்த மண்ணில், சோழர் காசுகளோடு சீன செலடான் ஓடுகளும் கிடைத்தன. ரோமாபுரிக் கப்பல்கள் நின்றுபோய் ஆயிரம் வருஷத்துக்குப் பிறகும் அந்த மேட்டில் ஆள் நடமாட்டம் இருந்தது என்பதற்கு அது சாட்சி. அதே ஓட்டை யாராவது பொறுக்கிக்கொண்டு போய் ஷோகேஸில் வைத்திருந்தால்? பச்சையாக ஒரு ஓடு, அவ்வளவுதான். ஓடு என்ன சொல்கிறது என்பதில் பாதி, எந்த மண்ணில் எந்த ஆழத்தில் எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதில் இருக்கிறது. அந்தப் பாதியைத்தான் நான் அஞ்சு செகண்டில் துடைத்துப் போட்டுவிட்டேன். மிச்சப் பாதி இதழ் அகலத்திலிருந்து தெரிகிறது: லாங்சுவான், 13 அல்லது 14-ம் நூற்றாண்டு. அதைச் சொல்ல பெரியபட்டினம் வரை போகவே வேண்டாம். சீனாவிலேயே சூளைக்குப் பக்கத்தில் மலைமலையாகக் கொட்டிக் கிடக்கிறது.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், நீங்களும் டூர் போவீர்கள். மாளிகைமேடு, அதாங்க கங்கைகொண்ட சோழபுரம், நம்ம பக்கத்திலிருந்து விருத்தாசலம், ஜெயங்கொண்டம் வழியாக பஸ் மாறிப் போய்விடலாம். அங்கே அகழாய்வில் சீன ஓடுகள் வந்திருக்கின்றன. யாழ்ப்பாணத்துக்கு எதிரே அல்லைப்பிட்டியிலும் வந்திருக்கின்றன. பழைய மேட்டில், உழுத வயலில், மழைக்கப்புறம் ஏதாவது பளிச்சென்று தெரிந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். போனை எடுங்கள். கிடந்தபடியே போட்டோ, அளவு தெரிய பக்கத்தில் பேனாவோ காசோ, லொக்கேஷன் ஆன் பண்ணி இன்னொன்று, சுற்றுப்புறம் தெரிய தூரத்திலிருந்து மூணாவது. அதை உங்கள் ஹிஸ்டரி சாருக்கோ, மாவட்ட அருங்காட்சியகத்துக்கோ, தொல்லியல் துறைக்கோ அனுப்புங்கள். எங்கள் காலத்தில் இதற்கு ஃபிலிம் ரோல் வேணும். உங்களுக்கு என்ன கேடு? இன்னொரு விஷயம். 100 வருஷத்துக்கு மேற்பட்ட இந்த மாதிரிப் பொருளுக்கெல்லாம் 1972-ல் வந்த தொல்பொருள் சட்டம் இருக்கிறது. நினைத்தபடி விற்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ முடியாது. நெட்டில் போட்டு ரேட் கேட்கிற ஐடியா இருந்தால் இப்பவே அழித்துவிடுங்கள்.

சில்லை மேடம் மூலமாக உரிய இடத்தில் ஒப்படைப்பது என்று முடிவானது. அதற்கு முன்னால் ஒரு லேபிள் எழுதணும் என்றாள். விடவில்லை. டூருக்கு வந்த என் ஃப்ரெண்ட்ஸ் நம்பரையெல்லாம் வாங்கி வரிசையாகப் போன் போட்டாள். ஒருத்தனுக்கு ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டது ஞாபகம் இருந்தது. இன்னொருத்தனுக்கு மீன் குழம்பு. மூணாவது ஆள், இப்போ சேலத்தில் பேங்க் மேனேஜர், கொஞ்சம் யோசித்துவிட்டு, “பஸ் நின்ன இடத்துல ஒரு டீக்கடை. அதுக்குப் பின்னாடி தோப்பு. டீ குடிச்சப்போ சாயங்கால வெயில் மூஞ்சில அடிச்சுதும்மா” என்றான்.

“அப்போ டீக்கடை மேற்கு பார்த்த கடை மாமா!” என்று குதித்தாள்.

வெள்ளையடித்த ஈரம் காயாத சுவரில் சாய்ந்துகொண்டு, கெமிஸ்ட்ரி ரெக்கார்டிலிருந்து கிழித்த தாளில் மேப் போட்டாள். ரோடு, பஸ், மேற்கு பார்த்த டீக்கடை, பின்னால் தோப்பு. தோப்புக்குள் ஒரு பெருக்கல் குறி போட்டாள். அதை அழித்தாள். கேள்விக்குறி போட்டாள். கீழே பென்சிலில் எழுதினாள்: ‘பெரியபட்டினம். ஆழம் தெரியாது. எடுத்தவர்: மாமா.’